முல்லைப்பாட்டு 17 அடியை 40 நிமிட வகுப்பில் எப்படி எடுப்பது? (பி.எட். கற்பித்தல் பயிற்சி, செய்யுள் பாடம்)

கார்முகில்:

எல்லோருக்கும் வணக்கம். பி.எட். இரண்டாம் ஆண்டு, 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்கான கேள்வி இது. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் இயல் இரண்டில், சங்கப் பாடலான முல்லைப்பாட்டின் முதல் 17 அடி பாடமாக இருக்கிறது. பாடக்குறிப்பில் சிறப்பு நோக்கம், முன்னறிவு, ஆர்வமூட்டல், பாட அறிவிப்பு, முன்மாதிரி வாசிப்பு, மாணவர் வாசிப்பு, அருஞ்சொற்பொருள், பொருள் விளக்கம், நயம், இலக்கணக் குறிப்பு, தொகுப்பு, மதிப்பீடு, வீட்டுப்பாடம் எல்லாம் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் போட்டாலே 39 ஆகிவிடுகிறது. அப்புறம் பாட்டுக்கு எங்கே நேரம்?

எங்கே வெட்டுவது, சொற்பொருளை முன்னே சொல்வதா பின்னே சொல்வதா, இலக்கணத்தை எந்த இடத்தில் வைப்பது, "நயம்" என்ற தலைப்பின் கீழ் உண்மையில் என்ன செய்வது, இந்த நான்கும்தான் தெரிய வேண்டும்.

சுண்ணக்கட்டி:

ஒரே வகுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பாடவேளை எடுத்துக்கொண்டு இரண்டு பாடக்குறிப்பாக எழுதுங்கள். அந்தத் தலைப்புகள் எல்லாம் சரிபார்க்க வைத்த பட்டியல். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

வெட்டும் இடம் முக்கியம். இந்தப் பகுதியில் மூன்று காட்சிகள் இருக்கின்றன. 1 முதல் 6 வரை மழையும் மாலையும். "பெரும்பெயல் பொழிந்த சிறுபுன் மாலை" என்று பொழுது நிறுத்தப்படுகிறது. 7 முதல் 11 வரை முதிய பெண்கள் ஊர்ப்பக்கம் போய் நெல்லும் முல்லையும் தூவி நற்சொல் கேட்க நிற்கிறார்கள். 12 முதல் 17 வரை கன்று, ஆய்மகள் (இடையர் குலப் பெண்), அவள் சொன்ன சொல். "விரிச்சி நிற்ப" என்ற 11ஆம் அடியில் நிறுத்தினால் பிள்ளைகள், "அப்புறம் என்ன கேட்டது?" என்ற எதிர்பார்ப்போடு வீட்டுக்குப் போவார்கள். அது பாட்டே கொடுக்கும் இடைவேளை. 8, 9 அடியில் வெட்டினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

முதல் பாடவேளை: ஆர்வமூட்டல் 3 நிமிடம், வாசிப்பு 4, தேவையான சொற்கள் 5, முதல் ஆறு அடி 12, அடுத்த ஐந்தடி 8, மாணவர் வாசிப்பு 4, சரிபார்ப்பு 4. மொத்தம் 40.

இரண்டாவது பாடவேளை: மறுவாசிப்பு 3, கன்றுக் காட்சி 15, முழுப் பகுதியையும் கோத்துப் பார்க்க 5, இலக்கணம் 6, மாணவர் வாசிப்பு 5, எழுத்து 6.

பயிற்சி ஆசிரியர்கள் வழுக்குவது பெரும்பாலும் மேகத்தைத் திருமாலோடு ஒப்பிடும் உவமையில். மாவலி கதைக்குள் போனால் 20 நிமிடம் பறந்துவிடும். கன்றுக்கு வரும்போது மணி அடித்துவிடும். பாட்டின் உயிர் கன்றில் இருக்கிறது. அதனால்தான் அதற்கு 15 நிமிடம்.

பனையோலை:

ஆர்வமூட்டல் பற்றிச் சொல்கிறேன். "உங்களுக்கு எந்தப் பருவம் பிடிக்கும்?" என்று தொடங்கும் பாடக்குறிப்புகள்தான் அதிகம். பதில் கோடை விடுமுறை, மாம்பழம், கிரிக்கெட் என்று போய்விடும், திரும்பக் கொண்டுவரவே ஐந்து நிமிடம் ஆகும். முல்லைப்பாட்டுக்குள் போகும் வாசல் விரிச்சி, அதாவது நற்சொல் கேட்க நிற்பது. "வீட்டில் ஒரு நல்ல காரியம் பேசும்போது கோயில் மணி அடித்தால், பல்லி சொன்னால், பெரியவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று கேளுங்கள். இரண்டே பதில் வாங்கிக்கொண்டு, "2000 ஆண்டுக்கு முன்னாடியும் இப்படிக் காது கொடுத்து நின்றிருக்கிறார்கள்" என்று பாடத்தை அறிவித்துவிடலாம். அது மூடநம்பிக்கையா இல்லையா என்ற விவாதத்தை அந்த இடத்தில் திறக்காதீர்கள். அது வேறு பாடவேளைக்கான நல்ல விவாதம்.

தாழிசை:

வாசிப்பைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, ஆனால் செய்யுள் பாடம் நிற்பதும் விழுவதும் அதில்தான்.

இது ஆசிரியப்பா. அடிக்கு நான்கு சீர் என்று தாளம் தட்டி ஒவ்வொரு அடி முடிவிலும் நிறுத்தினால் பொருள் உடையும். "நேமியொடு" என்று நிறுத்திவிட்டு அடுத்த மூச்சில் "வலம்புரி பொறித்த" என்று தொடங்கினால், சக்கரமும் சங்கும் ஒரே கையமைப்பில் வருவது காதுக்குத் தெரியாது. அந்த இரண்டு அடியையும் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும். "கையள் கைய" என்பதும் அப்படியே. "கையள்" என்பதோடு ஆய்மகளின் வருணனை முடிகிறது. "கைய" அடுத்த அடியின் "கொடுங்கோற் கோவலர்" என்பதைச் சேர்ந்தது. எனவே "நடுங்கு சுவல் அசைத்த கையள்", சிறு நிறுத்தம், "கைய கொடுங்கோற் கோவலர் பின்நின்று உய்த்தர". புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: அரை மூச்சுக்கு ஒற்றைக் கோடு, முழு நிறுத்தத்துக்கு இரட்டைக் கோடு.

வளைஇ, மாஅல், தூஉய் மூன்றும் அளபெடை. "வளை" என்று நிறுத்தி "இ" என்று தனியாகச் சொல்வது பிழை. ஐகாரத்தை நீட்டி இகரத்தில் கரைய விட வேண்டும். "மாஅல்" என்பதை "மால்" என்று சுருக்கினால் ஓசை ஓரசை குறைந்து இடறும்.

நிதானமாகப் படித்தால் 17 அடிக்கு ஒன்றே கால் நிமிடம் பிடிக்கும். 40 விநாடியில் முடிந்தால் வேகம் அதிகம். முதல் வாசிப்பு புத்தகத்தை மூடிவைத்து, இரண்டாவது புத்தகத்தைத் திறந்து. மாணவர் வாசிப்பில் ஒரே பிள்ளையை 17 அடியும் படிக்கச் சொல்லாமல் காட்சிக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுங்கள். லகர, ளகர, ழகரப் பிழை வந்தால் நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். குறித்துவைத்து, அவர் முடித்த பிறகு அந்தச் சொற்களை வகுப்பு முழுவதையும் ஒரு முறை சொல்லச் சொல்லுங்கள்.

வரப்பு:

தாழிசை ஐயாவோடு ஒரு இடத்தில் உடன்படவில்லை. புத்தகத்தை மூடிவைத்து முதல் வாசிப்பு என்பது கல்லூரிக்குச் சரி. பத்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "நனந்தலை உலகம் வளைஇ நேமியொடு" என்று காதில் மட்டும் விழுந்தால் முதல் அடியிலேயே அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நாலு சொல்லாவது முன்கூட்டியே கரும்பலகையில் இருக்க வேண்டும்.

தாழிசை:

நியாயமான பேச்சு. அப்படியானால் எந்த நாலு சொல் என்பதுதான் கேள்வி. பத்துப் பதினைந்து சொல்லை வரிசையாக எழுதிப் பொருள் கொடுத்துவிட்டுப் பாட்டுக்கு வருவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அப்புறம் பிள்ளைகள் பட்டியலைப் பார்ப்பார்கள், பாட்டைப் பார்க்க மாட்டார்கள்.

என் தேர்வு: எழிலி (மேகம்), நேமி (சக்கரம்), விரிச்சி (நற்சொல்), சுவல் (தோள்). இந்த நான்கும் ஊகத்துக்கு எட்டாதவை, தெரியாவிட்டால் காட்சியே மறைந்துவிடும். மற்றவை பாட்டுக்குள்ளிருந்தே வரும். "பனிக்கடல் பருகி" என்பதில் பருகி என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகளே சொல்வார்கள். "தூஉய்" என்பதைத் தூவி என்று பிடித்துவிடுவார்கள். "சிறுதாம்பு" என்ற சொல்லுக்கு, மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால் போதும், தாம்புக்கயிறு என்று உடனே பதில் வரும். அந்தப் பிள்ளையைச் சொல்ல விடுங்கள்.

வரப்பு:

சரி, நாலு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தெரியாத சொல்லைவிட ஆபத்து, தெரிந்த மாதிரி இருக்கும் சொல். இந்த 17 அடியில் அப்படி ஆறு ஏழு இருக்கின்றன. கோடு என்றதும் பிள்ளைகளுக்கு அளவுகோலால் போடும் கோடு நினைவுக்கு வரும், இங்கே மலை. "கொடுங்கோற் கோவலர்" என்றதும் கொடுங்கோல் ஆட்சி என்று நினைத்து இடையர்களைக் கொடுமைக்காரர்கள் ஆக்கிவிடுவார்கள். இங்கே வளைந்த கோல், அவ்வளவுதான். "கொடுஞ்செலவு" என்பதில் செலவு பணச் செலவு இல்லை, மேகம் விரைந்து செல்லும் செலவு. "பசலைக் கன்று" இளங்கன்று. பிரிவில் மேனி வெளிறும் பசலையை முன்பே படித்த பிள்ளை இங்கே குழம்பும். "அலரி" மலர், அரளிச் செடியை அலரி என்று சொல்லும் ஊர்களில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். "தாயர்" பசுக்கள். இதில் சறுக்கினால் பாட்டே போச்சு.

இவற்றை அருஞ்சொற்பொருள் என்ற தலைப்பில் போடாமல், அந்த அடி வரும்போது "இது என்ன கோடு?" என்று கேட்டுத் தவறான பதிலை முதலில் வரவழைத்துவிட்டு மாற்றுங்கள். சொன்ன தவறு திருந்தும். சொல்லாமல் மனதில் இருக்கும் தவறு தேர்வுத்தாளில் வரும்.

சுண்ணக்கட்டி:

இப்போது பொருள் விளக்கம். அடிக்கு அடி உரைநடையில் சொல்லிக்கொண்டு போனால் இந்தப் பாட்டு பிடிபடாது, ஏனென்றால் முதல் அடியில் இருக்கும் "வளைஇ" ஐந்தாம் அடியில் இருக்கும் "எழிலி"யோடு போய்ச் சேர்கிறது. நடுவில் ஒரு உவமை முழுசாக உட்கார்ந்திருக்கிறது. அடி அடியாகப் போகும் ஆசிரியர், "உலகத்தைத் திருமால் வளைத்தார்" என்று சொல்லி மாட்டிக்கொள்வார்.

செய்ய வேண்டியது இது. கரும்பலகையின் நடுவில் "எழிலி" என்று எழுதுங்கள். "மேகம் என்னென்ன செய்தது? வினைச்சொற்களை மட்டும் தேடுங்கள்" என்று இரண்டு நிமிடம் கொடுங்கள். வளைஇ, பருகி, ஏர்பு, கொண்டு, எழுந்த, பொழிந்த. வரும் வரிசையில் எழுதி அம்புக்குறி போட்டால் கடைசி அம்பு "மாலை" என்ற சொல்லில் போய் நிற்கும். உலகை வளைத்தது, கடலைக் குடித்தது, வலமாக எழுந்தது, மலையைச் சூழ்ந்தது, பொழிந்தது. மழை உருவாகும் விதம் பலகையில் வந்துவிடும். அதன் பிறகுதான் உவமைக்குப் போங்கள்.

உவமைக்குக் கதை ஒரு வாக்கியம் போதும்: மாவலி கையில் நீர் வார்த்ததும் குள்ள உருவம் வானளாவ வளர்ந்தது. உடனே, "மேகத்துக்கும் இவருக்கும் என்னென்ன ஒற்றுமை?" என்று கேளுங்கள். கருமை நிறம் முதலில் வரும், உயர்ந்து நிற்பது அடுத்து வரும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதற்குக் காத்திருங்கள். "நீர்செல நிமிர்ந்த" என்கிறது பாட்டு. நீர் கையில் விழுந்ததும் அவர் வளர்ந்தார், கடல்நீரைக் குடித்ததும் மேகம் எழுந்தது. இரண்டிலும் நீர்தான் வளர்ச்சிக்குக் காரணம். ஒரு பிள்ளை இதைக் கண்டுபிடித்துச் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். கார்முகில் கேட்ட "நயம்" இதுதான். "இவ்வுவமை மிக அழகாக அமைந்துள்ளது" என்று பாடக்குறிப்பில் எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரியாது.

கார்முகில்:

மிக்க நன்றி ஐயா. வினைச்சொல் சங்கிலியை எழுதிப் பார்த்தேன், தெளிவாக வருகிறது. கேள்வி கேட்டுக் காத்திருப்பது பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பது? கவனிக்க வரும் விரிவுரையாளர் அமைதியைப் பார்த்து, "வகுப்பு தொய்வு" என்று குறிப்பேட்டில் எழுதிவிடலாமே?

அந்திவானம்:

மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஒரு விநாடி அளவுகூடக் காத்திருக்காமல் அடுத்ததுக்குப் போய்விடுவது தெரிந்தது. அந்த இடைவெளியை 3 விநாடியாவது நீட்டியபோது பதில்கள் நீண்டன, தெரியாது என்பது குறைந்தது, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். 3 விநாடி சிறியதாகத் தெரியும். முன்னால் நிற்பவருக்கு அது மிக நீளம். மனதுக்குள் "ஓராயிரம், ஈராயிரம், மூவாயிரம்" என்று எண்ணுங்கள். சிந்திக்க வேண்டிய கேள்விக்கு, அதாவது மேலே சொன்ன மூன்றாவது ஒற்றுமை மாதிரி ஒன்றுக்கு, 10 விநாடி கொடுத்தாலும் தகும்.

கவனிக்க வருபவருக்காக: பாடக்குறிப்பிலேயே அந்த வினாவுக்குப் பக்கத்தில் "10 விநாடி சிந்தனை நேரம்" என்று எழுதிவிடுங்கள். எழுதப்பட்ட அமைதி தொய்வாகத் தெரியாது.

முதல் ஆண்டில் செய்த நுண்ணிலைக் கற்பித்தலை (ஒரே ஒரு திறனைச் சில நிமிடம், சிறு குழுவுக்குக் கற்பித்துப் பழகுவது) மறந்துவிடாதீர்கள். 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய முறை. இங்கே நாம் பின்பற்றும் சுழற்சி கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6, ஆக 36 நிமிடம். அதைத் தொடங்குதல் திறனுக்கும் கரும்பலகைத் திறனுக்கும் செய்து ரெக்கார்டில் ஒட்டியதோடு நிறுத்திவிடுகிறார்கள். கிளர்வினாத் திறனை, அதாவது கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பதிலை ஆழப்படுத்தும் திறனை எடுத்து, முல்லைப்பாட்டின் 12 முதல் 17 அடிக்கு மட்டும் தோழியர் நான்கு பேரை உட்காரவைத்து ஒரு சுழற்சி செய்யுங்கள். ஒருவர் கையில் கடிகாரம். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் எத்தனை விநாடி என்று குறிக்கட்டும். இன்னொருவர் "புரிந்ததா?" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று கோடு போடட்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற கோரஸ்தான் வரும், அதில் உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்காது.

முல்லைநிலம்:

கன்றுக் காட்சிக்கு வருகிறேன், எல்லோரும் அதைச் சுற்றியே போகிறார்கள்.

12ஆம் அடிக்கு முன்னால் எல்லோரையும் இரு கைகளையும் குறுக்கே போட்டுத் தம் தோள்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். "எப்போது இப்படிச் செய்வோம்?" குளிரும்போது. "நடுங்கு சுவல் அசைத்த கையள்" இதுதான். ஐந்து விநாடியில் அந்த அடிக்கு உரை முடிந்தது. மழை பெய்த மாலை என்று ஆறாம் அடியில் படித்தது இப்போது உடம்பில் வந்து சேர்கிறது.

பிறகு மூன்று கேள்வி, இதே வரிசையில். "இன்னே வருகுவர் தாயர்" என்ற சொல் யாருக்குச் சொல்லப்பட்டது? யார் காதில் விழுந்தது? அவர்கள் யாருக்காக அதைக் கேட்க நின்றார்கள்?

முதல் பதில் கன்றுக்கு. இரண்டாவது முதிய பெண்களுக்கு. மூன்றாவதுக்கு 17 அடிக்குள் நேரடிப் பதில் இல்லை. போருக்குப் போன தலைவனுக்காகக் காத்திருக்கும் தலைவிக்காக. இதை மட்டும் நீங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும், முதல் பாடவேளையின் பாட அறிவிப்பிலேயே. பாட்டின் 103 அடியில் பாடநூல் தருவது தொடக்கம் மட்டும் என்பதால் இந்தச் செய்தி இல்லாமல் பகுதி பாதியாக நிற்கும்.

மூன்றும் வந்த பிறகு ஒன்றும் பேசாமல் பலகையில் இரண்டு வரி எழுதுங்கள்:

கன்று – தாய்ப்பசு – இன்னே வரும்
தலைவி – தலைவன் – ?

கேள்விக்குறியை ஒரு மாணவர் வந்து நிரப்பட்டும். ஆய்மகளுக்குத் தலைவியைத் தெரியாது. அவள் கன்றைத் தேற்றுகிறாள். அந்தத் தேறுதல் வேறொரு வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. இதை ஆசிரியர் வாயால் சொல்லிவிட்டால் அது ஒரு தகவல் ஆகிவிடும், தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வரப்பு:

அருமை. துணைக்கருவிக்கும் ஒரு வார்த்தை. மேகம், மலை, திருமால் என்று சார்ட் வரைவதில் இரண்டு ராத்திரி போகும். வீட்டிலிருந்து ஒரு படி, கொஞ்சம் நெல், ஒரு முழம் முல்லைப்பூ கொண்டுபோங்கள். நாழி என்பதே படிதான்: இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி. படியில் நெல்லையும் மேலே பூவையும் போட்டு மேசையில் வைத்துவிட்டு "நெல்லொடு நாழி கொண்ட நறுவீ முல்லை" என்று படியுங்கள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை கொடுத்தனுப்பினால் "நறுவீ" என்பதற்குப் பொருள் மூக்கு சொல்லும். பூ மொட்டாக இருக்கட்டும், மதிய வகுப்பென்றால் மலர்ந்தது வாடிவிடும்.

பனையோலை:

ஸ்மார்ட் போர்டில் மழைக் காணொளி போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். முதல் வாசிப்புக்கு முன்னால் வேண்டாம். காணொளி பார்த்த கண்ணுக்கு அந்த மேகம்தான் மேகம், பாட்டின் மேகம் வராது. இரண்டாம் வகுப்பு முடிவில் 1 நிமிடம் போட்டு, "பாட்டில் இருந்து இதில் இல்லாதது என்ன?" என்று கேட்கலாம்.

சுண்ணக்கட்டி:

இலக்கணம். பொருள் நடுவே "மூதூர் பண்புத்தொகை, எழுதிக்கொள்ளுங்கள்" என்று நிறுத்தாதீர்கள். பாட்டு முடிந்த பின் 6 நிமிடம் தனியாக வையுங்கள். தேர்வில் கேட்பார்கள், அதை விட முடியாது. மூதூர் பண்புத்தொகை, உறுதுயர் வினைத்தொகை, கைதொழுது மூன்றாம் வேற்றுமைத் தொகை, தடக்கை உரிச்சொல் தொடர். இதே இயலில்தான் தொகைநிலைத் தொடர்களும் இலக்கணப் பாடமாக வருகிறது, எனவே இந்தச் சொற்களையே அங்கும் எடுத்துக்காட்டாக எடுத்துச் செல்லலாம். "உறுதுயர்" என்பதற்கு உற்ற துயர், உறுகின்ற துயர், உறும் துயர் என்று மூன்று காலத்தையும் கன்றின் மேல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கன்று இன்றும் தவிக்கிறது, இனியும் தவிக்கும். பலகையில் ஏற்கெனவே இருக்கும் வினைச்சங்கிலியில் எது வினையெச்சம், எது பெயரெச்சம் என்று கேட்டால் அதுவும் இரண்டு நிமிடத்தில் முடியும்.

சிறப்பு நோக்கத்தைத் திருத்துங்கள். "மாணவர் பாடலின் நயத்தை உணர்வர்" என்று எழுதினால் உணர்ந்தார்களா என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? "ஆய்மகளின் சொல் தலைவிக்கு எப்படி நற்சொல் ஆகிறது என்பதை மூன்று வரியில் எழுதுவர்" என்று எழுதுங்கள். கடைசி 6 நிமிட எழுத்து அதுவேதான். மதிப்பீட்டுக்குத் தனிக் கேள்வி தேட வேண்டாம்.

கார்முகில்:

எல்லோருக்கும் நன்றி. திருத்திய இரண்டாம் பாடவேளை இது. மறுவாசிப்பு 3. தோளைப் பிடிக்கும் செயல், மூன்று வினா, பலகையில் இரண்டு வரி 15. கோத்துப் பார்த்தல் 5. இலக்கணம் 6. மாணவர் வாசிப்பு 5. எழுத்து 6. வீட்டுப்பாடம்: "17 அடியின் பொருளை உரைநடையில் எழுதி வருக."

முல்லைநிலம்:

வீட்டுப்பாடத்தை மட்டும் மாற்றுங்கள் கார்முகில். உரைநடைப் பொருளைக் கைடிலிருந்து அப்படியே எழுதி வருவார்கள். "ஆய்மகள் வீட்டுக்குப் போய்த் தன் அம்மாவிடம் அன்று மாலை நடந்ததைச் சொல்கிறாள். பத்து வரியில் எழுதுக" என்று கொடுங்கள். அவளுக்கு முதிய பெண்கள் நின்றது தெரியுமா, தெரியாதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மறுநாள் நான்கு பேரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதிய பெண்களைத் தெரியாதவளாகவே எழுதியவர்கள் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கார்முகில்:

மாற்றிவிட்டேன் அம்மா. நெல்லுக்கும் படிக்கும் வீட்டில் சொல்லியாயிற்று.